நான்கு வந்தால் போதும்

2018 பிப்ரவரி 11
சிறைச்சாலை, பி பிரிவு

அன்பு மகள் கெய்ட்லினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். குளிருக்கு முழங்கால் மட்டும் முறுக்கிக்கொள்கிறது. நீயும் லொரெய்ன் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு முதுகுப் பிடிப்பு விட்டதா? மீன் ஆலையில் நாள் முழுக்க நிற்கிற வேலையை விட்டுத் தொலைக்கச் சொல்லி நான் எழுதியிருப்பதாகச் சொல். கேட்க மாட்டாள். இருந்தாலும் சொல்லி வை.

இது என் பன்னிரண்டாவது கடிதம். முந்தைய பதினொன்றுக்கும் பதில் வரவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. லாரியில் மீன் பெட்டிகளுக்கு அடியில் கள்ளச் சிகரெட் ஏற்றியவன் நான். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் பேச்சு வாங்கியவள் நீ. என்னைப் பார்க்க வராமல் இரு, போனை எடுக்காமல் இரு, அதெல்லாம் உன் இஷ்டம்.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதினேன். இங்கே ஆன்ஸ்டி மிஸ் என்று ஒரு கணக்கு டீச்சர் வருகிறார். உன் வயதுப் பிள்ளைகள் பள்ளி முடிவில் எழுதுகிற ஜி.சி.எஸ்.இ. கணக்குத் தேர்வுக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டார். மே 24, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. "நாடு பூரா ஒரே நேரத்துலதான் தாளைப் பிரிப்பாங்க மிஸ்டர் மாவர்" என்றார். அப்போது எனக்கு உன் ஞாபகம் வந்தது. உனக்கும் அன்றுதானே? அப்படியென்றால் ஒன்பதிலிருந்து பத்தரை வரை நீயும் நானும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்போம். இரண்டு வருஷத்தில் அப்படி ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைத்ததில்லை.

பதில் போட்டால் சந்தோஷம். போடாவிட்டால் பதின்மூன்றாவது வரும்.

உன் அப்பா,
நெவில்


2018 மார்ச் 4
கிரிம்ஸ்பி

அப்பாவுக்கு,

நான் நலம். அத்தை நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "அவன் எனக்கு யோசனை சொல்ற நெலமையிலயா இருக்கான்?" என்று கேட்டாள்.

ஆமாம், எனக்கும் மே 24தான்.

ஒரு வேண்டுகோள். சனி ஞாயிறுகளில் ஓட்லிங் அம்மாவின் மீன் வறுவல் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே நீங்கள் வடகடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடித உறையில் சிறை முத்திரை இருக்கிறது. கடைக்கு எதுவும் அனுப்பிவிடாதீர்கள். வீட்டுக்கு மட்டும் எழுதுங்கள்.

படிக்க நிறைய இருக்கிறது. அதனால் அடிக்கடி எழுத மாட்டேன்.

கெய்ட்லின்


2018 மார்ச் 25
சிறைச்சாலை, பி பிரிவு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. ஒன்பது வரி. ஒவ்வொரு வரியையும் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். எண்ணெய்க் கிணறு நல்ல யோசனைதான். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது ஓட்லிங் அம்மாவுக்குத் தெரியாதவரை கவலை இல்லை. உனக்கு இருமல் எதுவும் இல்லையே? தேர்வு நேரத்தில் ஈரத்தலையோடு வெளியே போகாதே.

என் அறையில் கூட இருப்பவர் பெயர் க்ளிஃப். அறுபத்து மூன்று வயது. நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். மிஸ் எங்களுக்குக் கொடுக்கப் போவது எளிய தாள். அதில் ஐந்து தரங்கள்தானாம், ஒன்றிலிருந்து ஐந்து வரை. "நாலு வந்தாப் போதும், பாஸ்தான்" என்று மிஸ் தினமும் ஓதுகிறார். என் காலத்திலும் ஐந்து தரம்தான். பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள், சரக்கு பழையதே.

என் காலத்துக் கதை உனக்குச் சொன்னதில்லை. அப்போது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஓ லெவல், மிச்சம் மீதிக்கு சி.எஸ்.இ. நான் மிச்சம் மீதி. கணக்குத் தேர்வு அன்று பள்ளிக்கூடமே போகவில்லை, துறைமுகத்தில் பெட்டி தூக்கப் போய்விட்டேன். ஆனால் மரவேலையில் எனக்கு ஒன்று வந்தது. சி.எஸ்.இ.யில் ஒன்று வாங்கினால் ஓ லெவல் தேறியதற்குச் சமம் என்று தலைமையாசிரியரே தெருவில் என் அம்மாவை நிறுத்திச் சொன்னார். அம்மா அந்தச் சீட்டை அடுப்படி அலமாரியில் தேநீர் டப்பாவுக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்தாள். எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவனுக்குக்கூடக் காட்டினாள்.

விட்டுப்போன அந்தக் கணக்கைத்தான் இப்போது எழுதப் போகிறேன். முப்பத்திரண்டு வருஷம் தாமதம்.

உன் அப்பா,
நெவில்


2018 மே 27
கிரிம்ஸ்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். எனக்கு ஈரத்தலையும் இல்லை, இருமலும் இல்லை.

முதல் தாள் முடிந்தது. இன்னும் இரண்டு இருக்கிறது. கால்குலேட்டர் இல்லாத தாளாயிற்றே, நீங்கள் எப்படி எழுதினீர்கள்? கடைசிப் பக்கத்தில் ஒரு வட்டக் கணக்கு வந்தது. எங்கள் கூடத்தில் ஒருத்தி அதைப் பார்த்து அழுதேவிட்டாள். உங்கள் தாளில் அது வந்திருக்காது.

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனாலும் எழுதுகிறேன். ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளர் "தொடங்கலாம்" என்றதும் எல்லோரும் தாளைத் திருப்பினார்கள். நான் ஒரு நொடி கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கேயும் திருப்பியிருப்பீர்கள் என்று தோன்றியது. அப்புறம் எழுத ஆரம்பித்தேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெய்ட்லின்


2018 ஆகஸ்ட் 23
கிரிம்ஸ்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் நலமா? இன்று காலை தேர்வு முடிவு வந்தது. வேறு யாருக்கும் எழுதுவதற்கு முன்னால் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கணக்கு 9. இயற்பியல் 9. வேதியியல் 8. உயிரியல் 8. ஆங்கிலம் 7. வரலாறு 7. பிரெஞ்சு 6.

உறையைப் பிரித்ததும் லொரெய்ன் அத்தை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். கணக்கு ஆசிரியர் என் கையைப் பிடித்தவர் பிடித்தபடி நின்றார், அவருக்குப் பேச்சே வரவில்லை. இன்னும் எனக்கு நம்ப முடியவில்லை. மற்றதை எண்களே சொல்லும்.

செப்டம்பரில் என்ன செய்வது என்பதைப் பிறகு எழுதுகிறேன். உங்கள் முடிவும் இன்றுதானே வரும்? உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்,
கெய்ட்லின்


2018 ஆகஸ்ட் 29
சிறைச்சாலை, பி பிரிவு

என் தங்க மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா? அதை முதலில் சொல். அத்தையை அழ வேண்டாம் என்று சொல். வாசலில் உட்கார்ந்து அழுகிற அளவுக்கு ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. அந்தக் கணக்கு ஆசிரியருக்கும் தைரியம் சொல், பாவம்.

கண்ணு, ஒன்பது என்றால் ஒன்பதாகவே இருக்கட்டும். என் காலத்தில் ஐந்துக்குக் கீழே தரமே கிடையாது. இப்போது தரைக்கு அடியிலும் தோண்டி எட்டு, ஒன்பது என்று வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளை நோகடிக்க. அந்தக் கஷ்டமான தாளை உன் தலையில் கட்டியவர்களைச் சொல்ல வேண்டும். ஆனாலும் பார், பிரெஞ்சில் ஆறு வாங்கித் தலையைத் தூக்கியிருக்கிறாய். நம் வம்சத்தில் யாருக்கும் பிரெஞ்சு வந்ததில்லை.

நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து உனக்காக எல்லாம் படித்துவிட்டேன். பதினெட்டு வயது வரை சும்மா வீட்டில் இருக்கக் கூடாதாம், சட்டம். பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் படிக்கிற ஏ லெவல் இல்லாவிட்டால் என்ன, கல்லூரியில் தொழிற்படிப்பு இருக்கிறது. சம்பளத்தோடு வேலை பழகுகிற வழியும் இருக்கிறது. அதிலேயே மேலே மேலே போய்ப் பட்டம்வரை வாங்கலாமாம். கணக்கும் ஆங்கிலமும் தேறாதவர்கள் தேறும்வரை மறுபடி படிக்க வேண்டுமாம். அதற்குப் பயப்படாதே. கணக்கை நான் சொல்லித் தருகிறேன்.

என் முடிவை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் தயங்கினேன். மறைப்பதும் தப்பு. எனக்குக் கணக்கில் ஒன்று வந்திருக்கிறது. ஆமாம், 1. எட்டுக் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு வந்தவனுக்கு எப்படி ஒன்று போட்டார்கள் என்று தெரியவில்லை. வழிமுறையைப் பார்த்திருப்பார்கள். சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். வகுப்பு விடுமுறை, மிஸ் ஊரில் இல்லை. இங்கே ஒருவரிடமும் நான் மூச்சு விடவில்லை. மகள் ஒன்பதோடு நிற்கிறபோது ஒன்று வாங்கினேன் என்று கொண்டாடினால் நான் என்ன அப்பன்?

உன் முடிவை மட்டும் எல்லோருக்கும் சொன்னேன். மறைக்க வேண்டிய பிள்ளையா நீ? மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நின்று சத்தமாகவே சொன்னேன்: "எம் பொண்ணு கணக்குல ஒம்பது வாங்கியிருக்கா. சிரிக்கிறவன் எவனாவது இருந்தா வெளிய வா." ஒருவனும் சிரிக்கவில்லை. இருபது வயதுப் பயல் ஒருவன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு "ஒம்பதா? நெசமாவா?" என்று வாயைப் பிளந்தான். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். சாயங்காலம்வரை எல்லோரும் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஜெயிலில் இருப்பவர்களுக்கும் இரக்கம் இருக்கிறது.

அடுத்த வருஷம் வெளியே வந்ததும் நம் ஊர்க் கல்லூரியில் தச்சு வேலைப் படிப்புக்கு மனுப் போடப் போகிறேன். ஜனவரியில் படிவம் வாங்குவார்களாம். கணக்கில் என்ன தரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பெரிதாக ஒன்று என்று எழுதுவேன்.

தேர்வுதான் போயிற்று. நீ என் மகள் என்பது போய்விடவில்லை. நீ எங்கே நின்றாலும் எனக்குப் பெருமைதான். தலை குனியாதே.

உன் அப்பா,
நெவில்


2018 செப்டம்பர் 4
கிரிம்ஸ்பி

மதிப்பிற்குரிய ஆன்ஸ்டி மிஸ் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையை நன்றாகக் கழித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நெவில் மாவரின் மகள் கெய்ட்லின். சிறையின் கல்விப் பிரிவுக்கு எழுதினால் உங்கள் கைக்கு வரும் என்று அத்தை சொன்னாள்.

அப்பா படித்த நாளில் ஒன்றுதான் உச்சம், ஐந்து கடைசி. இப்போது தலைகீழ். ஒன்பது உச்சம், ஒன்று கடைசி. இது அவருக்குத் தெரியவில்லை. "நாலு வந்தால் போதும்" என்று நீங்கள் சொன்னதை நாலுக்கு மேல் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணியிருக்கிறார். உங்கள் தாளில் ஒன்றிலிருந்து ஐந்து வரை மட்டுமே இருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது தனக்கு ஒன்று வந்ததை முதல் தரம் என்றும், எனக்குக் கிடைத்த ஒன்பதை நாட்டிலேயே கடைசி என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அதே படியில் அழுதேன். எனக்கு ஒன்பது வந்ததற்கு எல்லோரும் பாராட்டினார்கள். ஸ்பெயினில் புதுக் குடும்பத்தோடு இருக்கும் அம்மாகூடப் பூங்கொத்து அனுப்பினாள். நான் தோற்றால் என் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. அவர் எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாராம், மிஸ்.

அவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. "உங்கள் ஒன்றுக்கு மனமார்ந்த வாழ்த்துகள். உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்" என்று நாலு வரி எழுதிப் போட்டேன். ஏ லெவலில் கணக்கும் மேல்கணக்கும் இயற்பியலும் எடுத்திருக்கிறேன் என்பதை எழுதவில்லை.

ஆனால் ஜனவரியில் அவர் கல்லூரிப் படிவத்தில் பெரிதாக ஒன்று என்று எழுதப் போகிறார். அங்கே யாரோ அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அவரைப் பற்றி இரண்டு வருஷம் வெட்கப்பட்டவள் நான்தான். வேறு யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

நீங்கள் அவரிடம் நேராக எதுவும் சொல்ல வேண்டாம். வகுப்புச் சுவரில் ஒரு தர அட்டவணை மட்டும் ஒட்டிவிட முடியுமா? பெரிய எழுத்தில், ஒன்பது மேலேயும் ஒன்று கீழேயுமாக. அவரே பார்க்கட்டும். பார்த்தபின் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

பணிவுடன்,
கெய்ட்லின் மாவர்


2018 அக்டோபர் 7
சிறைச்சாலை, பி பிரிவு

அன்பு மகளுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் பழையபடி. நீ எப்படி இருக்கிறாய்? புது இடத்தில் பாடம் எல்லாம் பிடிபடுகிறதா? அத்தைக்கு முதுகு?

ஒரு சின்ன உதவி வேண்டும். எனக்கில்லை, க்ளிஃபுக்கு. திடீரென்று அந்த மனுஷனுக்குக் கணக்கின்மேல் ஆசை வந்துவிட்டது. அடுத்த மே மாதத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். இரண்டு சமன்பாட்டைச் சேர்த்து வைத்து x, y கண்டுபிடிக்கச் சொல்கிறார்களே, அதில் சிக்கிக்கொண்டு நிற்கிறார். நான் சொல்லித் தரலாம்தான். ஆனால் என் முறை பழைய முறை, அவருக்கு ஏறவில்லை. நீ புதிதாகப் படித்தவள், பொறுமையாக எழுதி அனுப்பு. அறுபத்து மூன்று வயது மண்டை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

கல்லூரிப் படிவத்தை இந்த ஜனவரியில் போட வேண்டாம் என்று இருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

வேறு விசேஷம் இல்லை.

உன் அப்பா,
நெவில்


2018 அக்டோபர் 21
கிரிம்ஸ்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே யாவரும் சுகம். க்ளிஃப் அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் ஆசைப்படுவது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அவரை ஒரு லாரியை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மீன் பெட்டியும் மூன்று ஐஸ் மூட்டையும் ஏற்றினால் 130 கிலோ. இரண்டு மீன் பெட்டியும் ஒரு மூட்டையும் ஏற்றினால் 90 கிலோ. பெட்டிகளுக்கு அடியில் வேறு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுமையிலும் மீன் பெட்டி ஒரே அளவுதான். வித்தியாசம் இரண்டு ஐஸ் மூட்டை. ஆகவே அந்த நாற்பது கிலோ இரண்டு மூட்டையின் எடை. ஒரு மூட்டை இருபது. மீதியை அவரே கண்டுபிடிக்கட்டும். பின்பக்கம் பத்துக் கணக்கு எழுதியிருக்கிறேன். செய்து அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன். கையெழுத்து உங்கள் கையெழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. அவருக்குக் கண் மங்கல் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

விடை தப்பானால் மனம் விட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். எங்கே நின்றாலும் பெருமைதான் என்று எனக்கு ஒருவர் எழுதியிருக்கிறார்.

உங்கள் மகள்,
கெய்ட்


2019 மே 18
கிரிம்ஸ்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போன மாதம் பார்க்க வந்தபோது இளைத்திருந்தீர்கள். ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அன்று அத்தையே முக்கால் மணி நேரம் பேசிவிட்டாள், நான் கேட்க நினைத்தது எதையும் கேட்க முடியவில்லை. பரவாயில்லை.

க்ளிஃப் போன வாரம் அனுப்பிய இருபது கணக்கில் பதினாறு சரி. விகிதத்தில் மட்டும் அவசரப்படுகிறார். கேள்வியை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விட வேண்டாம், தெரிந்த ஒரு படியாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருக்கு முதல் தாள். அந்த நேரத்தில் எனக்குப் பாடம் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து, பழைய தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்பதிலிருந்து பத்தரை வரை நானும் எழுதப் போகிறேன். அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
கெய்ட்


2019 ஆகஸ்ட் 22
சிறைச்சாலை, பி பிரிவு

என் அருமை மகளுக்கு,

சுகம். நீயும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். முழங்கால் இன்று வலிக்கவே இல்லை.

முடிவு வந்துவிட்டது. கணக்கு, தரம் 4. போன வருஷம் ஒன்று வாங்கியவன் இந்த வருஷம் நான்குக்கு வந்துவிட்டேனே என்று நீ கவலைப்படக் கூடாது. நான் தலை குனியவில்லை. உன் ஏ லெவலில் எண்ணே கிடையாதாம், எழுத்துகளாம். எது மேலே, எது கீழே என்று இப்போதே மிஸ்ஸிடம் எழுதி வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

போன செப்டம்பரில் வகுப்புத் திறந்த அன்று சுவரில் புதிதாக ஒரு அட்டவணை ஒட்டியிருந்தார்கள். ஏன் அன்றைக்குப் பார்த்து ஒட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றியது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் அடியில் இருக்கிறேன் என்பது தோன்றவில்லை. "ஒம்பது! எம் பொண்ணு ஒம்பது!" என்று வகுப்பில் எழுந்து நின்று கத்தினேன். "உக்காருங்க மிஸ்டர் மாவர்" என்றார் மிஸ். உட்காரவில்லை. கரண்டியைக் கீழே போட்ட பயல் பின்வரிசையில் இருந்தான். அவனைப் போய்க் கட்டிக்கொண்டேன். "அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் மொறைச்சீங்க" என்றான். அதெல்லாம் ஆனபிறகுதான் என் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அப்போது உட்கார்ந்தேன்.

அறைக்கு வந்து உன் வாழ்த்துக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். நாலு வரி. ஒன்பது வாங்கிய பெண் என் ஒன்றுக்கு மனமார்ந்த வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். நான் எழுதிய அந்த ஆறுதலை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு சொல் திருத்தாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள். அன்று ரொம்ப அழுதேன் கண்ணு. அந்த வாழ்த்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அதற்குத் தகுந்த ஒரு தரம் வாங்கிவிட்டு உன்னிடம் பேசலாம் என்று இருந்துவிட்டேன்.

க்ளிஃபைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் போன நவம்பரிலேயே விடுதலையாகிப் போய்விட்டார்.

எனக்கு விடுதலை செப்டம்பர் 30, காலை ஒன்பது மணிக்கு. கல்லூரிப் படிவம் இன்று தபாலில் போகிறது. இடம் இருந்தால் தாமதமாகவும் சேர்த்துக்கொள்வார்களாம். கட்டத்தில் 4 என்று எழுதியிருக்கிறேன், கட்டத்தை விட்டு வெளியே போகாமல்.

உன் அப்பா,
நெவில்


2019 ஆகஸ்ட் 24
கிரிம்ஸ்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலம், நலம். லொரெய்ன் அத்தை மறுபடியும் வாசலில் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவையாவது எதற்கென்று சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்.

க்ளிஃப் நவம்பர் மாதக் கடைசியில் எங்கள் கடைக்கு வந்து மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஓட்லிங் அம்மா காதுபட "உங்கப்பாவோட எண்ணெய்க் கெணத்துல வேலை பாத்தவன்" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். கணக்கெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "கணக்கா? எனக்கா? அந்த எழவுக்குப் பயந்துதாம்மா பள்ளிக்கூடத்தையே விட்டேன்" என்றார். அதற்குப் பிறகும் ஆறு மாதம் நான் க்ளிஃபுக்குக் கணக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. காலையில் கடிதம் வந்தது. விடுமுறையில் வெள்ளிக்கிழமையும் வேலை என்பதால், சாயங்காலம் கடைக்கும் அதை எடுத்துக்கொண்டு போனேன். வாசல் தாண்டி வரிசை நின்றது. நான் உருளைக்கிழங்கை அள்ளிக்கொண்டே பல்லைக் காட்டியிருக்கிறேன் போல.

"என்னடி, காயிதத்தை வச்சுக்கிட்டு தானா சிரிக்கிற?" என்றார் ஓட்லிங் அம்மா.

"எங்கப்பா கணக்குப் பரீச்சையில நாலு வாங்கிட்டாரு."

"எண்ணெய்க் கெணத்துல பரீச்சையெல்லாமா வைக்கிறாங்க?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் இருந்தார்.

"எங்கப்பா எண்ணெய்க் கெணத்துல இல்ல. ஜெயில்ல இருக்காரு. நாப்பத்தொம்போது வயசுல, அங்க உக்காந்து படிச்சு நாலு வாங்கியிருக்காரு. சிரிக்கிறவங்க யாராவது இருந்தா வெளிய வாங்க."

யாரும் சிரிக்கவில்லை அப்பா. எதிர்வீட்டுக்காரர் மட்டும் "நான் மூணு தடவ எழுதியும் எனக்கு வரல" என்றார். ஓட்லிங் அம்மா ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "சரி, சரி, சூடு ஆறுது, வினிகரைப் போடு" என்று வேலையைப் பார்க்கச் சொன்னார். கடையை அடைக்கும்போது, 30ஆம் தேதி எனக்கு லீவு என்றும், ஒரு பெரிய மீன் எடுத்து வைப்பதாகவும் சொன்னார்.

உங்கள் முடிவுச் சீட்டு இன்னும் வரவில்லை. வந்ததும் அடுப்படி அலமாரியில் தேநீர் டப்பாவுக்கு முன்னால் வைக்க இடம் ஒழித்துவிட்டேன். என்னுடையது அதற்குப் பின்னால் இருக்கிறது.

ஒன்பது மணிக்குச் சிறை வாசலில் நிற்பேன்.

உங்கள் மகள்,
கெய்ட்லின் மாவர்